பம்பின் அடியில் ஒரு துளை

ஒழுகுவதைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. தண்ணீர் லாரிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் வேறு எப்படி இருக்க முடியும்? வந்த புதிதில் தொட்டியின் அடித்தையலில் ஒரு சொட்டு. அதைப் பார்த்துவிட்டுப் புருஷன், "வர்ற வழியெல்லாம் நம்ம சோறு ஒழுகிட்டு வருது பாரு" என்றார். அன்று பிடித்துக்கொண்ட பழக்கம்.

லாரியில் இடதுபக்க இருக்கை அவளுடையது. ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்று முதல் வருஷமே அவள் ஏறிக்கொண்டாள். குழாய் இழுப்பது, வால்வு திறப்பது, ரிவர்ஸில் கை காட்டுவது எல்லாம் அவள் வேலை. இருக்கைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதில் பழைய டியூப் கீற்றுகள், கம்பி, பிளேடு, துணி, பிறகு அந்தப் பசை. கறுப்பில் ஒரு துண்டு, வெள்ளையில் ஒரு துண்டு. இரண்டையும் கிள்ளிச் சேர்த்துப் பிசைந்தால் சாம்பல் நிறத்துக்கு வரும். வைத்து அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் கல். எட்டு வருஷத்தில் அந்தத் தொட்டியில் அவள் அடைக்காத இடம் குறைவு. லைனில் அவளை அடைப்புக்காரி என்றார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. கொஞ்சம் பெருமைகூட.

லைன் என்பது ஆழ்துளைக் கிணற்றடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் மண்தரை. பதினொரு லாரி. ஒரு ஓரமாக வெல்டர் கடை, டயர் கடை, டீக்கடை. கடைசித் தகரக் கொட்டகை அவள் அண்ணனுடையது. எப்போதும் பதினாலாம் நம்பர் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பான் என்பதால் அவனுக்குப் பதினாலு என்று பெயர் விழுந்திருந்தது. பிள்ளை குட்டி இல்லாதவன். மனைவியும் அவனுமாகக் கொட்டகைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார்கள். தங்கையை இந்த லாரிக்காரருக்குப் பார்த்துக் கட்டிவைத்தவன் அவன்தான்.

கோடை பிறப்பதற்கு முன்னால் லாரியின் எஞ்சினைக் குளிரவைக்கிற வாட்டர் பம்ப் வயதாகிப் போனது. அண்ணன்தான் புதிது மாட்டினான். அரைநாள் வேலை. ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, பெல்ட்டைத் தளர்த்தி, ஃபேனைக் கழற்றி, நான்கு போல்ட்டை எடுத்ததும் பழைய பம்ப் கையோடு வந்துவிட்டது. எஞ்சினில் ஒட்டிக்கிடந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுக்கும் வேலையைத் தங்கையிடம் கொடுத்தான். மணிக்கணக்காக உட்கார்ந்து, இரும்பு கண்ணாடி மாதிரி தெரிகிற வரைக்கும் சுரண்டினாள். "என்னைவிட நல்லா சுரண்டறே" என்றான் அவன். புதுப் பம்பை வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி முடுக்கினான். ஒரே பக்கமாக முடுக்கினால் கோணிக்கொள்ளும் என்றான். அதற்குமேல் அவன் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

மூன்றாம் நாள் லாரியின் மூக்குக்கு அடியில் மண் நனைந்திருந்தது. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு அவள் புருஷனிடம், புது சீல், படிகிற வரைக்கும் நாலைந்து நாள் கண் கலங்கும், விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு அதை மறந்தும் போனார். மனைவியிடம் சொல்ல அதில் என்ன இருக்கிறது?

ஆனால் வெல்டர் அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டார். அவர் வாயில் விழுந்து எழுந்தவர் யாரும் லைனில் முழுசாக இல்லை.

"என்ன பதினாலு, நீ மாட்டின பம்ப் மூணாம் நாளே ஒண்ணுக்குப் போகுது?"

டீக்கடை பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அண்ணனும் சிரித்தான், தலையை நிமிர்த்தாமல். அந்தக் குனிந்த தலையை அவள் லாரி இருக்கையிலிருந்து பார்த்தாள்.

அன்று மத்தியானம் புருஷன் நிழலில் துண்டை விரித்துத் தூங்கியபோது அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தாள். பம்பின் கழுத்துக்குக் கீழே ஒரு துளை. பென்சில் முனை போகும். அதிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டு. வார்ப்பில் விட்டுப்போன ஓட்டை என்று அவள் நினைத்தாள். துடைத்தாள். துணியைத் திரித்து உள்ளே விட்டு ஈரத்தை எடுத்தாள். பசையைப் பிசைந்து, உருட்டி, கட்டைவிரலால் அழுத்தி, நனைத்த விரலால் மேலே மெழுகிவிட்டாள். மறுநாள் மண் காய்ந்திருந்தது. வெல்டர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்று போய்விட்டார். சீல் படிந்துவிட்டது என்று அண்ணன் நினைத்தான். அவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. செய்த உதவியைச் சொல்லிக் காட்டுவது அவள் வழக்கமில்லை.

மூன்று மாதம் லாரி ஓடியது. அந்தக் கோடையில் ஒரு நாளைக்கு எட்டு நடை, ஒன்பது நடை. வெயில் தகரத்தில் ஏறி, கதவைத் தொட்டால் கை பொசுங்கியது. வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவார்கள். அடுப்பு மூட்ட உடம்பில் தெம்பு இருக்காது. ரொட்டியும் அவித்த முட்டையும் டீயுமாகப் போன கோடை அது.

அன்று மேட்டு ஆஸ்பத்திரிக்கு நடை. இரண்டு நாளாக அங்கே குழாயில் தண்ணீர் இல்லை என்று காலையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். ஏற்றம் ஆரம்பிக்கிற இடத்தில் முன்பக்கம் சத்தம் கேட்டது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி.

"என்னங்க சத்தம்?"

"மேட்டுல நிறுத்துனா பின்னாலதான் போவோம். ஏறிட்டுப் பாக்கலாம்."

ஏறவில்லை. பாதி மேட்டில் பம்பின் பேரிங் உடைந்து, அதன் மூக்கில் மாட்டியிருந்த ஃபேன் ஆடி, ரேடியேட்டரைக் கிழித்தது. வெள்ளையாக நீராவி எழும்பிக் கண்ணாடியை மூடியது. அவர் லாரியை ஓரத்து மண்மேட்டில் முட்டி நிறுத்தினார். எஞ்சின் மூடியைத் தூக்கியதும் ரப்பர் கருகும் வாடை. தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தார். பின்னால் ஓடிப்போய்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்து நின்று, "திற" என்றார்.

அவள் வால்வைத் திறந்தாள்.

இன்னொரு லாரிக்காரனாக இருந்தால் தண்ணீருக்கு எங்கேயாவது ஓடியிருப்பான். ஓடி, தேடி, கேட்டு வாங்கி வருவதற்குள் எஞ்சின் ஆறியிருக்கும். இவர்களிடம் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டாயிரம் லிட்டர் இருந்தது. கிணற்றின் குளிர்ச்சி மாறாத தண்ணீர். அது கொதிக்கிற இரும்பின்மேல் கை பருமனுக்கு விழுந்தது. சீறியது. அந்தச் சீறலுக்கு நடுவில் ஒரு சின்னச் சத்தம், பீங்கான் தட்டில் கரண்டி பட்ட மாதிரி. அவள் கேட்டாள். அவரும் கேட்டார். வால்வை அவரே வந்து மூடினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கட்டி இழுக்க வேண்டுமென்றால் பாரம் குறைய வேண்டும். தண்ணீர் முழுவதையும் ரோட்டில் திறந்துவிட்டார்கள். அது மேட்டிலிருந்து கீழே போனது. எங்கிருந்தோ பெண்கள் வாளியும் குடமுமாக ஓடி வந்து, ஓடுகிற தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டார்கள். ஒருத்தி அவளைப் பார்த்து, "மகராசி, நல்லாயிரு" என்றாள்.

*

அண்ணன் இரண்டு நாள் எஞ்சினைப் பிரித்தான். புருஷன் வாடிக்கை விட்டுப்போகக் கூடாதென்று வேறு லாரிகளைப் பிடித்து நடை அனுப்பப் போய்விட்டார். அண்ணனுக்குக் கூடமாட அவள் மட்டும் இருந்தாள். போல்ட் போட டப்பா பிடித்தாள். கைதுடைக்கத் துணி கொடுத்தாள்.

பம்பைக் கழற்றி எடுத்ததும் அண்ணன் அதன் ஷாஃப்டை விரலால் ஆட்டினான். விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது. "பேரிங்குக்குள்ள தண்ணி போயிருக்கு" என்று தனக்குத்தானே சொன்னான். பிறகு பம்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிடித்த பிடியில் அசையாமல் நின்றான்.

"என்ன அண்ணே?"

"ஒண்ணுமில்ல. நீ காலையில சாப்பிட்டியா?"

"ம்."

"போய் ரெண்டு டீ வாங்கிட்டு வா, பாப்பா."

டீக்கடையில் புதுப்பால் காய்ந்துகொண்டிருந்தது. நின்று வாங்கி வந்தாள். அவள் வந்தபோது பம்ப் டீசல் தட்டில் குளித்து முடித்து, துணியில் சுத்தமாகக் கிடந்தது. அண்ணன் ஒரு மெல்லிய ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் எஞ்சினின் தலையைத் தூக்கினார்கள். அண்ணன் அடியில் சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்கின்மேல் மண்ணெண்ணெய் தடவினான். சுத்தமாகத் துடைத்தான். சுண்ணக்கட்டியைப் பொடித்துத் தூவினான். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் பொடிக்குள் ஊறிக் காட்டிக்கொடுக்கும். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். வெள்ளைப் பொடியில் மயிரிழை மாதிரி ஒரு ஈரக்கோடு எழுந்தது. இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் தொடங்கி, மெதுவாக, கீழே பக்கச்சுவரில் இறங்கியது.

"வெல்டு வெச்சுத் தைக்கலாமா?" என்று கேட்டாள்.

"பிளாக் போனா எஞ்சின் போச்சு. எஞ்சின் போனா இந்த வயசு லாரிக்கு..." அவன் முடிக்கவில்லை.

சாயங்காலம் புருஷன் வந்தார். அண்ணன் கோட்டைக் காட்டினான். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். பொடியைத் தேய்த்துவிட்டுப் பார்த்தார். கோடு அங்கேயே இருந்தது.

"சூட்டோட தண்ணி ஊத்துனீங்களா, மாப்பிள்ளை?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் டப்பாவிலிருந்த போல்ட்டுகளைப் பார்த்தாள்.

"ஆறவெச்சுத்தான் ஊத்துனேன். எத்தனை வருஷமா வண்டி ஓட்டறேன்? எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு குரல் உயர்ந்தது. "அதைவிடு மச்சான். பம்ப் ஏன் போச்சு? அதைச் சொல்லு. மூணு மாசம். ஒரு பம்ப் மூணு மாசத்துல போகுமா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் அவருக்குப் படியாகக் கிடைத்தது. அதில் ஏறினார். இறங்கவே இல்லை.

வீட்டிலும் அதே பேச்சு. வெல்டர் கூடவே வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளே முட்டை அவித்துக்கொண்டிருந்தாள். சுவர் மெல்லியது. வெல்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இங்க பாரு. எந்தப் பம்பும் சொல்லாம சாகாது. அதுக்குன்னே அடியில ஒரு துளை விட்டிருப்பான். சீல் போச்சுன்னா தண்ணி அது வழியா வெளிய அழும். நாம பாத்து, ஓஹோ காலம் வந்துடுச்சுன்னு மாத்திடலாம். அந்தத் துளை இருக்கறதே ஒழுகறதுக்குத்தான். அது ஒழுகற வரைக்கும் பேரிங்குக்கு ஆபத்தில்ல. உன் பம்ப் சாகறதுக்கு முன்னால அழுதுச்சா?"

"ஒரு சொட்டு இல்ல. மூணு மாசமா தரை காஞ்சு கிடந்துச்சு."

"அப்ப அது பம்பே இல்ல. பழசைத் தேச்சுப் பெயிண்ட் அடிச்சு உன் தலையில கட்டிட்டான் உன் மச்சான்."

தண்ணீர் கொதித்து, முட்டைகள் பாத்திரத்தில் மோதிக்கொண்டன. அவள் அடுப்பை அணைக்க மறந்து நின்றாள். தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

அப்போதே வாசலுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. புருஷன் அடிக்கிறவர் இல்லை. மறக்கிறவரும் இல்லை. வந்த வருஷம் ஒருநாள் அவள் வால்வைச் சரியாக முடுக்காமல் பாதித் தொட்டி வழியிலேயே காலியானது. எட்டு வருஷம் கழித்தும், குழாயை அவள் கையில் கொடுக்கும்போதெல்லாம், "மூடிட்டியா? அன்னிக்கு மாதிரி இல்லையே?" என்பார். பாதித் தொட்டிக்கு எட்டு வருஷம். ஒரு லாரிக்கு எத்தனை வருஷம் என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

மூன்று நாள் அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். அந்த மூன்று நாளில் லைன் முழுக்கப் பேச்சுப் பரவியது. பதினாலு பழைய பம்பை மாட்டிவிட்டான், சொந்தத் தங்கை வீட்டுக்கே இப்படி என்றால் மற்றவனுக்கு என்ன செய்ய மாட்டான் என்றார்கள். கிளட்ச் வேலைக்கு வந்த லாரி ஒன்று கொட்டகை வாசலிலிருந்து திரும்பிப் போனது. பாதி பிரித்துப் போட்டிருந்த இன்னொன்றை அதன் சொந்தக்காரர் கயிறு கட்டி இழுத்துப் போனார். கழற்றிய சாமான்களை அண்ணனே ஒரு கூடையில் போட்டு, ஒன்றுகூடக் குறையாமல் எண்ணி, பின்னால் ஏற்றிவிட்டான்.

நாலாம் நாள் காலையில் லைன் கூடியது. அங்கே ஒரு முறை உண்டு. போன சாமானைக் கவிழ்த்த டிரம்மின்மேல் வைப்பார்கள். அதைக் கையில் எடுத்துப் பார்த்தவன்தான் பேசலாம். சும்மா வாய்க்கு வந்ததைப் பேசக் கூடாது என்பதற்காக லைன் தலைவர் கொண்டுவந்த முறை. அவர் பெரிய உடம்புக்காரர். நியாயம் பார்க்கிறவர் என்றுதான் பெயர்.

அண்ணனே பம்பைக் கொண்டுவந்து டிரம்மின்மேல் வைத்தான்.

புருஷன் எடுத்துப் பார்த்துப் பேசினார். வெல்டர் எடுத்துப் பார்த்து, சாகிற பம்ப் அழும் என்று மறுபடியும் எல்லாருக்கும் விளக்கினார். இன்னும் இரண்டு பேர் எடுத்து, ஷாஃப்டை ஆட்டி, உதட்டைப் பிதுக்கி வைத்தார்கள். அவரவர் பழைய ரிப்பேர் எல்லாம் வெளியே வந்தது. யாருடைய கியர் எப்போது சிக்கியது, யாருடைய பிரேக் எந்த மாதம் பிடிக்கவில்லை என்றெல்லாம். எல்லாம் இப்போது பதினாலு தலையில். அண்ணி கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிடலாம் என்று ஒருவர் சொன்னபோதுதான் தங்கை, பிரித்துக் கிடந்த தன் லாரியிலிருந்து இறங்கினாள். கூட்டம் விலகியது. பெண்கள் அங்கே பேசியதில்லை. பேசக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை.

அவள் பம்பைக் கையில் எடுத்தாள்.

"இந்தத் துளையை நான்தான் அடைச்சேன். ஒழுகுதேன்னு பசை வெச்சு அடைச்சேன். அதனாலதான் அழல. அண்ணன் மாட்டினது புதுப் பம்ப்தான்."

புருஷன் வாய் லேசாகத் திறந்திருந்தது. தலைவர் கை நீட்டி, "எங்க, காட்டும்மா" என்றார்.

அவள் பம்பைத் திருப்பினாள். துளை திறந்திருந்தது. வெல்டர் காதில் செருகியிருந்த தீக்குச்சியை எடுத்து அதற்குள் விட்டார். தடங்கல் இல்லாமல் போனது. உள்விளிம்பு பளபளவென்று இருந்தது. பசையின் தூசுகூட இல்லை.

"அடைப்பு எங்கம்மா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த டீ அவளுக்கு நினைவு வந்தது. எல்லாம் விளங்கியது.

"பதினாலு, நீதானே கழட்டினே? அடைப்பு இருந்துச்சா?" என்று கேட்டார் தலைவர்.

"இல்லீங்க."

"அண்ணே."

"தங்கச்சி பாசத்துல சொல்லுது" என்றான் அண்ணன். "பம்ப் சரியில்லாததுதான். பாத்து வாங்கியிருக்கணும். தப்பு என்னுது."

"சுரண்டி எடுத்திருக்காருங்க. என்னை டீ வாங்க அனுப்பிட்டு, அண்ணன்தான் சுரண்டியிருக்காரு."

சிரிப்பு ஒன்று எங்கோ தொடங்கி அடங்கியது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று யாரோ சொன்னார்கள். அவள் இருந்த கடைசிச் சொல்லையும் எடுத்துப் போட்டாள்.

"பிளாக் வெடிச்சதும் பம்பால இல்ல. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்துனோம். வால்வைத் திறந்துவிட்டது நான்தான்."

புருஷன் முகம் வெளுத்தது. வெல்டர் விடவில்லை.

"சரிதான். அதுவும் நீதானா? போன வாரம் என் கடை ஃபியூஸ் போச்சே, அதையும் சேத்து ஒத்துக்கம்மா."

இந்தமுறை எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. அவளைப் பிடித்துப்போன சிரிப்பு. தலைவர்கூட மீசையைத் தடவினார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, இப்படி ஒரு கூடப்பிறந்தவளுக்கா இந்த வேலை செய்தாய் என்று கேட்டார். மாதக் கடைசிக்குள் கொட்டகையைக் காலி செய்யச் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டினான்.

*

அவன் மாதக் கடைசி வரைக்கும் இருக்கவில்லை. இரண்டு நாளில் கிளம்பினான். அவள் போனபோது ஸ்பானர்களை நம்பர் வாரியாகத் துணியில் சுருட்டிக்கொண்டிருந்தான். அண்ணி பேசவில்லை. அவளைத் தாண்டிப் போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். அந்தச் சத்தத்திலேயே எல்லாம் இருந்தது.

"ஏன் அண்ணே?"

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காத."

அவன் துணியின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

"நான் எங்கயாவது போய் நட்டு முடுக்குவேன். நீ அந்த வீட்டுலதான் இருக்கணும்."

"உன்னை யாரு காப்பாத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"நீ பசையை விட்டு வெச்சிருந்தா நான் சொன்னதை நம்பியிருப்பாங்க."

"நீ சொல்லுவேன்னு எனக்குத் தெரியல, பாப்பா."

மூன்று நாள் அவள் சொல்லவில்லை. அவன் நினைத்ததில் தப்பில்லை.

"எதுக்கு அடைச்சே?" என்று அவன் கேட்டான். கோபமில்லாமல், ஒரு ரிப்பேரைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

"வெல்டர் உன்னைப் பாத்துச் சிரிச்சாரு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். சிரிக்கப் போகிறவன் மாதிரி உதடு போனது. போன இடத்திலேயே நின்றது.

"என் பக்கத்துலயே உக்காந்து கேஸ்கட் சுரண்டினே. அந்தத் துளை எதுக்குன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். எவ்வளவு நேரம் ஆகப்போகுது."

"அங்க கேட்டப்போ ஆமான்னு சொல்லியிருந்தா போதும் அண்ணே."

"சொல்லி? லாரி திரும்ப வருமா? லாரியும் போயி, நீயும் அந்த வீட்டுல தினம் தினம்..." நிறுத்தினான். "உன்னை அங்க குடுத்ததே நான்தான்."

"நீ மாட்டினது நல்லா இருந்துச்சு."

"தெரியும்" என்றான். அது ஒன்றைத்தான் அவன் தலை நிமிர்ந்து சொன்னான்.

சாமான் வண்டி வந்தது. எந்த ஊருக்கு என்று கேட்டாள். போய்ச் சொல்கிறேன் என்றான். அண்ணி முன்னால் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள்.

லாரியை உடைக்கிறவர்கள் வந்து கொண்டுபோனார்கள். புருஷன் அடுத்தவர் லாரியில் கூலிக்கு ஓட்டப் போனார். அந்த லாரியில் இடதுபக்க இருக்கைக்கு ஆள் இருந்தான். அவள் வீட்டில் இருந்தாள். எட்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் கையில் வெடிப்பு ஆறத் தொடங்கியது. தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும்போது அவளும் குடத்தோடு வரிசையில் நின்றாள். அண்ணனுக்காகப் பழியைத் தலையில் போட்டுக்கொண்டவள் இவள்தான் என்று பெண்கள் ஒருத்திக்கொருத்தி காட்டி, அவளை முன்னால் விட்டார்கள்.

ஒரு சாயங்காலம் வெளிச்சம் போவதற்கு முன்னாலேயே அவர் வந்துவிட்டார். கால் கழுவி உட்கார்ந்தார். அவள் ரொட்டியும் முட்டையும் வைத்தாள். அவர் அவளையும் எதிரில் உட்காரச் சொன்னார். அப்படிச் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"உன்மேல எனக்குக் கோபமே இல்ல" என்றார். "முதல்ல இருந்துச்சு. லைன்ல எல்லாரும் சொல்றாங்க. தலைவர் இன்னிக்குக்கூடச் சொன்னாரு. அப்படி ஒருத்தி கிடைக்கக் குடுத்துவெச்சிருக்கணும்னு. அத்தனை பேர் முன்னாடி நின்னு, புருஷன் என்ன நினைப்பான்னுகூடப் பாக்காம, கூடப்பிறந்தவனுக்காக."

"நான்தாங்க அடைச்சேன்."

அவர் சிரித்தார். இதமான சிரிப்பு. கல்யாணமான வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்திருக்கிறார்.

"உங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டுச்சு" என்றாள். "தண்ணி ஊத்துனப்போ."

சிரிப்பு ஒரு நொடி நின்றது. அவர் ரொட்டியைப் பிய்த்தார்.

"அது நீராவிச் சத்தம்" என்றார். "அவனை விடு. இனிமே அவன் பேச்சு இந்த வீட்டுல வேண்டாம். உனக்காகச் சொல்றேன். உன் மனசு எனக்குத் தெரியும்."

"பெட்டியில இருந்த பசையாலதான் அடைச்சேன். நீங்க தூங்கிட்டிருந்தீங்க. மத்தியானம்."

"சரி. நீதான் அடைச்சே" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல. தன் முட்டையை இரண்டாகப் பிட்டு, மஞ்சள் அதிகமிருந்த பாதியை அவள் தட்டில் வைத்தார். "சாப்பிடு."

அவர் கண்ணில் அன்பு இருந்தது. எட்டு வருஷமாக அவள் எதிர்பார்த்த அன்பு.

அவள் சாப்பிட்டாள்.